நாலரை நிமிடத்தில் வருவது யார்?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘ஹெச்பிஎல்சி முறை’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். சர்க்கரைக்காரர்கள் மூன்று மாதத்துக்கொரு முறை எடுக்கும் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டில் அநேகமாக இருக்கும். போன தடவையைவிட எண் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். எனக்குச் சோறு போட்டுவருவது அந்தச் சின்ன எழுத்து வரிதான். முதலில் சென்னைப் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியின் குவாலிட்டி கன்ட்ரோல் லேப். பிறகு கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி லேப். ஊர் மாறினாலும் மெஷினின் அடிப்படை மாறவில்லை. பம்ப், ஊசி, குழாய், டிடெக்டர், கம்ப்யூட்டர். அவ்வளவுதான்.

ஹெச்பிஎல்சி என்பது ஒரு கலவையில் இருப்பவற்றைப் பிரித்துப் பார்க்கும் திரவ குரோமட்டோகிராபி. ஓர் எஃகுக் குழாய்க்குள் மாவைவிட நைசான துகள்களை இறுக்கி அடைத்திருக்கும். பம்ப் ஒரு திரவத்தை அதற்குள் விடாமல் தள்ளிக்கொண்டிருக்கும். ஓடுகிற திரவத்தின் நடுவே நம் மாதிரியில் ஒரு துளியை விடுவோம். அந்தத் துளியில் கலந்திருப்பவற்றில் துகளோடு ஒட்டுறவு இல்லாதது முதலில் வெளியே வரும், ஒட்டிக்கொள்வது பிந்தி வரும். தேர்க்கடை வீதியில் எந்தக் கடையிலும் நிற்காத அப்பா முன்னாலேயே மறுமுனைக்குப் போய்விடுவார், கடைக்குக் கடை நிற்கிற பிள்ளைகள் கடைசியில் வந்து சேரும், அதே கணக்கு. குழாயின் மறுமுனையில் டிடெக்டர் காத்திருக்கும். ஒவ்வொன்றும் வெளியேறும்போது திரையில் கோடு ஒருமுறை எழும்பி இறங்கும். அதுதான் பீக். எத்தனையாவது நிமிடத்தில் எழும்பியது என்பது ரிட்டென்ஷன் டைம். பீக்குக்கு அடியில் உள்ள பரப்பிலிருந்து எவ்வளவு என்று கணக்கிடலாம்.

எப்போது, எவ்வளவு. டிடெக்டருக்குத் தெரிந்தது இந்த இரண்டுதான். வந்தது யார் என்று அதற்குத் தெரியாது. திரையில் பீக்கின் தலைக்கு மேல் பெயர் போட்டிருக்கிறதே என்பீர்கள். இத்தனையாவது நிமிடத்திலிருந்து இத்தனையாவது நிமிடத்துக்குள் யார் வந்தாலும் இந்தப் பெயரை எழுது என்று யாரோ ஒருவர் அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார், அவ்வளவே. இதை மறக்காதவர் அனலிஸ்ட். மறந்தவர் பட்டன் தட்டுகிறவர். நான் பார்த்தவரை சம்பளம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

மாத்திரைக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் என்னை மெஷின் பக்கமே விடவில்லை. ஃபிளாஸ்க் கழுவவும் மொபைல் ஃபேஸ் தயாரிக்கவும்தான் விட்டார்கள். மொபைல் ஃபேஸ் என்பது குழாய்க்குள் ஓடும் திரவம். பாஸ்பேட் பஃபரைக் கரைத்து, பிஹெச் பார்த்து, 0.45 மைக்ரான் சவ்வில் வடிகட்டி, சோனிகேட்டரில் வைத்துக் காற்றை வெளியேற்றுவோம். பம்புக்குள் ஒரு காற்றுக் குமிழி போனால் போதும், பிரஷர் ஆடும். பிரஷர் ஆடினால் ஓட்டம் ஆடும். ஓட்டம் ஆடினால் ரிட்டென்ஷன் டைம் தன் இஷ்டத்துக்கு நகரும். எங்கள் சீனியர் ஒருவர் திரையைப் பார்க்காமலே கண்டுபிடிப்பார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பம்பின் சத்தம் அவர் காதில் விழுந்துவிடும். “மூணாவது மெஷின்ல காத்து ஏறியிருக்கு, பர்ஜ் பண்ணுப்பா” என்பார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும்.

பஃபர் ஓடிய குழாயைத் தண்ணீர் கலந்த கரைப்பானால் கழுவாமல் நேரே சுத்த அசிட்டோநைட்ரைலுக்கு மாற்றினால் உப்பு உள்ளேயே படிந்துவிடும். செக் வால்வு ஒட்டிக்கொள்ளும், பம்பின் சீல் தேயும். பழைய பாஸ்பேட் பஃபரைத் திரும்ப ஓட்டுவது இன்னொரு பாவம். நம்மூர் வெயிலுக்கு அதில் கிருமி வளர்ந்து குழாயின் வாயை அடைத்துவிடும். இதெல்லாம் கல்லூரிப் புத்தகத்தில் ஒரு பத்திக்குள் முடிந்துவிடுகிற சமாசாரம். வேலையில் பாதி நாள் இதுதான்.

அங்கே பெரும்பாலும் சி18 குழாய்தான். 25 சென்டிமீட்டர் நீளம், 4.6 மில்லிமீட்டர் உள்விட்டம், உள்ளே 5 மைக்ரான் சிலிக்கா. ஒவ்வொரு துகளின் மேலும் பதினெட்டு கார்பன் நீளமுள்ள சங்கிலிகளைக் கட்டியிருப்பார்கள். எண்ணெய்த்தன்மை உள்ள மூலக்கூறு அதில் நின்று நின்று வரும், தண்ணீரோடு சிநேகமானது சீக்கிரம் ஓடிவிடும். மாத்திரைக் கரைசலைப் போடும் முன் ஸ்டாண்டர்டை ஐந்தாறு முறை போட வேண்டும். பரப்பின் ஏற்ற இறக்கம் இரண்டு சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், பீக் பின்பக்கம் வால் இழுக்கக் கூடாது. இந்தச் சடங்குக்கு சிஸ்டம் சூட்டபிலிட்டி என்று பெயர். சடங்கு என்று கேலியாகச் சொல்லவில்லை. இன்றைக்கு இந்த மெஷினை நம்பலாமா என்று அதனிடமே கேட்டுக்கொள்ளும் ஒரே இடம் அது.

அந்த இடத்தில்தான் எங்கள் தொழிலின் அழுக்கும் சேர்ந்தது. ‘சும்மா’ ஒரு இன்ஜெக்‌ஷன் போட்டுப் பார்ப்பது, நன்றாக வந்தால் கணக்கில் சேர்ப்பது, வராவிட்டால் ஃபைலையே அழிப்பது. 2010களில் அமெரிக்க எஃப்டிஏ இந்திய மருந்து ஆலைகள் பலவற்றுக்கு அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்களில் இந்த ‘சும்மா’ இன்ஜெக்‌ஷன் திரும்பத் திரும்ப வந்தது. அதற்குப் பிறகுதான் யார், எந்த நிமிடம், எந்தப் பட்டனைத் தட்டினார் என்று பதிவாகும் ஆடிட் டிரெயிலுக்கு எங்கள் தொழிலில் மரியாதை வந்தது. காலம் கடந்து வந்த மரியாதை என்பது என் அபிப்பிராயம்.

2008 கடைசியில் அசிட்டோநைட்ரைல் கிடைக்காமல் போனது. விலை தாறுமாறாக ஏறியது. எங்கள் பர்ச்சேஸ் ஆபீசர் ஒவ்வொரு சப்ளையராகக் கூப்பிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். அசிட்டோநைட்ரைலை யாரும் தனியாக மெனக்கெட்டுத் தயாரிப்பதில்லை. செயற்கைக் கம்பளிக்கும் கார் பிளாஸ்டிக்குக்கும் வேண்டிய அக்ரிலோநைட்ரைல் செய்யும்போது கூடவே கிடைக்கிற உபரிப் பொருள் அது. உலகமெங்கும் பொருளாதாரம் விழுந்து கார் விற்பனை படுத்தது, பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்காகச் சீனாவில் ஆலைகளை நிறுத்தினார்கள், டெக்சாஸ் கரையை ஐக் புயல் தாக்கியது. எல்லாம் சேர்ந்து இங்கே எங்கள் பாட்டில் காலி. சில டெஸ்டுகளை மெத்தனாலுக்கு மாற்றினோம். மெத்தனாலும் தண்ணீரும் கலந்தால் கெட்டித்தன்மை கூடும், பம்பின் பிரஷர் எகிறும். குறைந்த அலைநீளத்தில் மெத்தனாலே ஒளியை விழுங்குவதால் பேஸ்லைனும் உயர்ந்துவிடும். அதைவிட முக்கியமாக, பீக்குகள் வரிசை மாறின. நேற்று முன்னால் வந்தது இன்று பின்னால். கரைப்பானை மாற்றினால் அடையாளமும் மாறுகிறது என்றால், ரிட்டென்ஷன் டைம் என்பது அந்தப் பொருளின் குணம் மட்டுமல்ல. அந்தக் குழாய், அந்தத் திரவம், அந்தச் சூடு எல்லாம் சேர்ந்து அதற்குக் கொடுத்த ஓர் இடம். எனக்கு இது உறைத்தது அந்தத் தட்டுப்பாட்டில்தான்.

பீக் நிஜமாகவே இருந்தும் அதன் பொருள் வேறாக இருக்கலாம் என்பதற்கு 2019ஐவிட நல்ல உதாரணம் இல்லை. வயிற்றெரிச்சலுக்கு நம் வீடுகளில் எல்லாம் கிடந்த ரானிடிடின் மாத்திரையில், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்டிஎம்ஏ இருப்பதாக ஓர் அமெரிக்க லேப் சொன்னது. நாளொன்றுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 96 நானோகிராம். அவர்கள் ஒரு மாத்திரையில் பார்த்ததோ 30 லட்சம் நானோகிராமுக்கு மேல். பார்த்த முறை கேஸ் குரோமட்டோகிராபி. அதில் மாதிரியைச் சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டிலேயே ரானிடிடின் உடைந்து என்டிஎம்ஏ பிறக்கிறது, அதனால் சூடில்லாத திரவ முறையில், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு சேர்த்துப் பாருங்கள் என்று எஃப்டிஏ சொன்னது. அப்படிப் பார்த்தபோது அளவு மிகவும் இறங்கிவிட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அலமாரியில் இருக்க இருக்க, அதிலும் வெப்பமான இடத்தில் இருந்தால், மாத்திரைக்குள்ளேயே என்டிஎம்ஏ கூடிக்கொண்டு போவது தெரியவந்து, 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையிலிருந்தே ரானிடிடினை விலக்கச் சொன்னார்கள். முதலில் பார்த்தவர்கள் கண்டதும் என்டிஎம்ஏதான். அது மாத்திரையில் இருந்ததா, மெஷினில் பிறந்ததா என்பதுதான் கேள்வி.

மாத்திரையே சூட்டுக்கு இப்படி என்றால் புரதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ரத்தத்தையும் முட்டையையும் ஆவியாக்கிப் பிரிக்க முடியாது. உயிரியல் லேபுகள் எல்லாம் திரவ முறையை நம்பி நிற்பது அதனால்தான். குரோமட்டோகிராபியின் தொடக்கமும் உயிரியலில்தான். 1903இல் வார்சாவில் மிகைல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் இலைச் சாற்றைச் சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, பச்சையும் மஞ்சளுமாக நிறங்கள் தனித்தனி வளையமாகப் பிரிவதைக் காட்டினார். அவர் 1919இல் இறந்தார். அந்த முறையைப் பல வருடம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1941இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த மார்ட்டினும் சிஞ்சும் கம்பளிப் புரதத்தின் அமினோ அமிலங்களைப் பிரிக்கப் போய், தொழிலையே திருப்பிப் போட்டார்கள். 1952இல் நோபல். துகள்கள் மிக நைசாக இருக்க வேண்டும், அழுத்தம் கூட வேண்டும் என்று அந்த 1941 கட்டுரையிலேயே சொல்லிவிட்டார்கள். அதைச் செய்துகாட்டும் பம்ப் வர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

கோயம்புத்தூர் லேபுக்கு வந்தபோது குழாய் சின்னதாகிவிட்டது, விஷயம் பெரிதாகிவிட்டது. இங்கே பிரிப்பது ஹீமோகுளோபினின் வகைகளை. துகளின் மேல் எதிர்மின் சுமை இருக்கும். நேர்மின் சுமை கூடிய ஹீமோகுளோபின் அதில் அதிகம் ஒட்டும். முதலில் நீர்த்த பஃபர் ஓடும், போகப்போக உப்பு கூடும், உப்பு கூடக்கூட ஒட்டியிருப்பவை ஒவ்வொன்றாகப் பிடி விடும். வெளியே வருவதை 415 நானோமீட்டர் ஒளியில் டிடெக்டர் பார்க்கும். ஒரு மாதிரிக்கு ஆறேழு நிமிடம். எங்கள் மெஷினில் குழந்தைகளுக்கு உரிய எஃப் ஒரு நிமிடத்தையொட்டி வரும். பெரியவர்களின் ஏ இரண்டரையில். ஏ2 மூன்றரையைத் தாண்டி. சிவப்பணுவை அரிவாளாய் வளைக்கும் சிக்கிள் செல் நோயின் எஸ் நாலரையில்.

எஸ் ஏன் ஏவுக்குப் பின்னால் வருகிறது? ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் எதிர்மின் சுமையுள்ள குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டும். சிக்கிள் செல்காரர்களுக்கு அங்கே சுமையில்லாத வேலின் உட்கார்ந்திருக்கிறது. ஓர் எதிர்மின் சுமை போனதால் மொத்தத்தில் நேர்மின் பக்கம் சாய்ந்து, துகளில் கூடுதலாக ஒட்டிப் பிந்தி வருகிறது. இந்த ஓரெழுத்துப் பிழையை 1956இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இன்கிராம் தேடிப் பிடிக்கத் தொடங்கியபோது கையாண்டதிலும் பாதி குரோமட்டோகிராபிதான். ஹீமோகுளோபினை டிரிப்சினால் துண்டு துண்டாக நறுக்கி, காகிதத்தில் ஒரு திசையில் மின்சாரத்தாலும் குறுக்குத் திசையில் கரைப்பானாலும் இழுத்தார். சாதாரண ரத்தத்திலும் சிக்கிள் செல் ரத்தத்திலும் மற்ற எல்லாப் புள்ளிகளும் ஒத்துப்போக, ஒரே ஒரு புள்ளி இடம் மாறி நின்றது.

இந்தியாவில் எஸ் முதன்முதலில் கண்டறியப்பட்டதில் ஓரிடம் எங்கள் லேபிலிருந்து மலையேறினால் வந்துவிடும் தூரம். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரி மலைவாழ் மக்களிடம் அதைக் கண்டு எழுதினார்கள். இருளர், பணியர், குறும்பர் ஊர்களிலிருந்து எங்களுக்கு இன்றும் மாதிரிகள் வருகின்றன. 2023 ஜூலையில் மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு ஐஸ் பெட்டிகள் கூடிவிட்டன. கிராமத்தில் முதலில் ஒரு துளி ரத்தத்தைக் கரைசலில் விட்டுக் கலங்குகிறதா என்று பார்ப்பார்கள். கலங்கினால் எங்களிடம் வரும். கலங்கல் எஸ் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த ட்ரெய்ட்டா, இருவரிடமிருந்தும் வந்த நோயா என்று பிரித்துச் சொல்வது எங்கள் வேலை. ட்ரெய்ட் என்றால் எஸ் நாற்பது சதவீதத்துக்குள் நிற்கும், ஏ அதைவிட உயரமாக இருக்கும், ஆளுக்கு ஒன்றும் செய்யாது. நோய் என்றால் தனக்கென்று ஏவே இருக்காது.

பந்தலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையனின் மாதிரி வந்தது. எங்கள் ஜூனியர் பெண் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“சார், எஸ் 34, ஏ 54. ட்ரெய்ட்னு போட்டுடட்டுங்களா?”

“ஹீமோகுளோபின் எவ்வளவும்மா?”

“7.1 சார்.”

“அப்ப போடாத. எஃப் எவ்வளவு?”

“7 இருக்குதுங்க சார்.”

ட்ரெய்ட் மட்டும் இருந்தால் ரத்தம் ஏழுக்கு இறங்காது. எஃப்பும் இவ்வளவு இருக்க வேண்டிய வயதில்லை அவனுக்கு. ஸ்லைடில் அரிவாள் வடிவச் செல்கள் அங்கங்கே கிடந்தன. கூட வந்திருந்த சுகாதாரப் பணியாளரைக் கூப்பிட்டேன். வேறொரு லேபில் ட்ரெய்ட் என்று எழுதிக் கொடுத்த காகிதம் அவர் கையிலேயே இருந்தது.

“ஏனுங்க, இவனுக்கு ரத்தம் ஏத்துனாங்களா?”

“ஆமாங்க சார். மூட்டு வலி, காமாலைன்னு அட்மிட் பண்ணியிருந்தப்ப ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க. ஒரு மாசம்கூட ஆகலைங்க.”

அவ்வளவுதான் விஷயம். திரையில் இரண்டரை நிமிடத்தில் கம்பீரமாக நின்ற அந்த ஏ அவனுடையதே அல்ல; எங்கோ ரத்ததானம் செய்த யாரோ ஒருவருடையது. சிவப்பணு 120 நாள் வாழும். மெஷினுக்கு அது தானமாக வந்த ரத்தமா சொந்த ரத்தமா என்று தெரிய வழியில்லை. அப்பா அம்மா இருவரையும் வரவழைத்துப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் எஸ் ட்ரெய்ட். ஏற்றிய ரத்தம் தேய்ந்த பிறகு பையனுக்கு மறுபடி ஓட்டியதில் ஏ இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. நோய்தான். ஹைட்ராக்ஸியூரியா ஆரம்பித்தார்கள். அந்த மருந்து எஃப்பைக் கூட்டும், எஃப் கூடினால் செல் வளைவது குறையும். அவன் மாதிரி பிறகு வரும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது ஒரு நிமிடத்தில் வரும் அந்த பீக்கைத்தான். ஏறிக்கொண்டே வந்தது. இந்த வேலையில் மெஷினைப் பார்த்துச் சந்தோஷப்பட எனக்குக் கிடைத்த சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

மலையிலிருந்து எஸ் வருகிறது என்றால் ரயிலிலிருந்து ஈ வருகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு, புத்தகத்தில் மட்டும் படித்த ஹீமோகுளோபின் ஈ எங்கள் லேபில் சகஜமாகிவிட்டது. வடமேற்கிலிருந்து வருகிறவர்களிடம் டி. அது நாலு நிமிடத்தைத் தாண்டியதும் வரும், எஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னால். அந்தக் காலத்து ஜெல் முறையில் டியும் எஸ்ஸும் ஒரே கோட்டில் போய் நிற்கும். எங்கள் மெஷின் அவற்றைப் பிரித்துவிடும். அந்தப் பெருமையில் மிதக்கும்போது ஈ வந்து காலை வாரும். ஈ வெளியே வருவது சரியாக ஏ2வின் நேரத்தில். மெஷின் கூசாமல் ஏ2 என்றே பெயர் எழுதும்.

ஒருமுறை திருப்பூரிலிருந்து மகப்பேறு மருத்துவர் ஒருவர் போன் செய்தார்.

“என்ன சார், ஏ2 28ன்னு வந்திருக்கு? மூணரைக்குக் கீழதானே இருக்கணும்? பிரிண்டிங் மிஸ்டேக்கா?”

“மேடம், கீழே நோட் போட்டிருக்கோம் பாருங்க. ஏ2 எப்பவும் அவ்வளவு போகாது. அந்தப் பொண்ணுக்கு அஸ்ஸாமா?”

“ஆமா.”

“அப்ப அது ஈ ட்ரெய்ட். பயப்படற மாதிரி இல்ல. ஆனா வீட்டுக்காரர் ரத்தத்தையும் உடனே அனுப்புங்க மேடம்.”

பீட்டா சங்கிலி போதுமான அளவு உருவாகாத பரம்பரைக் கோளாறு பீட்டா தலசீமியா. அதன் ட்ரெய்ட்டில் ஏ2 பெரும்பாலும் நாலு, ஐந்து, ஆறு என்று நிற்கும். பத்தைத் தாண்டினால் அது ஏ2 அல்ல, வேறு யாரோ அந்தச் சாளரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இருபத்தைந்து முப்பது என்றால் பெரும்பாலும் ஈ. பத்துப் பதினைந்து என்றால் லெபோர் என்று இன்னொரு அபூர்வம். கணவரைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஈ மட்டும் இரண்டு பக்கமும் சேர்ந்தால்கூடப் பெரிய தொந்தரவு இல்லை. ஒரு பக்கம் ஈ, மறுபக்கம் பீட்டா தலசீமியா என்று சேர்ந்தால் பிறக்கும் குழந்தைக்கு மாதா மாதம் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வரலாம். அந்தப் பெண்ணின் கணவருக்கு எல்லாம் நார்மல்.

மேலே போகிற எண்ணைவிட என்னைத் தொந்தரவு செய்வது நடுவில் நிற்கும் எண். ஏ2 3.6, 3.7. ட்ரெய்ட்டா இல்லையா? இரும்புச்சத்துக் குறைவு ஏ2வைக் கீழே இழுக்கும். நம் பெண்களில் இரும்புச்சத்து போதுமான அளவு உள்ளவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. அவர்களிடம் 3.4 என்று வருவது உண்மையில் நாலைத் தாண்டிய ஏ2வாகவும் இருக்கலாம். அதனால் ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட் இல்லாமல் இந்த கிராஃபை மட்டும் வைத்து நான் கையெழுத்துப் போடுவதில்லை. மொத்தப் பரப்பு பத்து லட்சத்துக்குக் கீழே இறங்கினாலும் போடுவதில்லை. சோகை முற்றியவர்களுக்கு அப்படி இறங்கும். கூடுதல் ரத்தம் எடுத்து மறுபடி ஓட்ட வேண்டும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஏ2வைப் பார்த்துத் தலசீமியா இல்லை என்று எழுதச் சொன்னாலும் எழுதுவதில்லை. அந்த வயதில் எஃப்தான் ஆட்சி செய்யும், ஏ2 இன்னும் தலையெடுத்திருக்காது. டாக்டர்கள் சிலருக்கு இதில் என் மேல் வருத்தம் உண்டு. இருக்கட்டும்.

ஹெச்பிஏ1சிக்கு வருகிறேன், பெரும்பாலோருக்கு வேண்டியது அதுதான். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது போய் பீட்டா சங்கிலியின் முனையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்த முனையின் நேர்மின் சுமை குறையும், குழாயில் பிடிப்பு குறையும், அதனால் ஏவுக்கு முன்னாலேயே வெளியே வந்துவிடும். 1968இல் ஈரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகளின் ஹீமோகுளோபினில் வழக்கத்துக்கு மாறான ஒரு பட்டையைக் கவனித்ததிலிருந்து வந்த டெஸ்ட் இது. சிவப்பணுவின் ஆயுளை வைத்துத்தான் மூன்று மாதச் சராசரி என்கிறோம். அந்த ஆயுள் குறைந்தால் கணக்கும் குறையும். ரத்தச் சிதைவு உள்ளவருக்குச் சர்க்கரை 250 இருந்தாலும் ஹெச்பிஏ1சி அழகாக 5 காட்டும். இரும்புச்சத்துக் குறைவில் சற்றுக் கூட்டியும் காட்டும். சிக்கிள் செல் நோயாளிக்கு ஏவே இல்லை என்றால் ஏ1சி எங்கிருந்து வரும்? ஆனாலும் சில மெஷின்கள் ஓர் எண்ணை அச்சடித்துவிடும். வீட்டில் விரல்நுனியில் பார்க்கும் சர்க்கரைக்கும் ஹெச்பிஏ1சிக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தால், மருந்தை மாற்றும் முன் கிராஃபைப் பார்க்கச் சொல்வேன். பெயர் தெரியாத ஒரு பீக் பெரும்பாலும் அங்கே நின்றுகொண்டிருக்கும்.

இப்போது கேபிலரி எலெக்ட்ரோபோரெசிஸ் மெஷின்கள் வந்துவிட்டன. அவை ஈயையும் ஏ2வையும் பிரித்துக் காட்டும். மரபணுப் பரிசோதனையும் முன்போல அபூர்வம் இல்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பின்னால் மாட்டினால் நிறையைச் சொல்லிவிடுமே, பெயர்ச் சிக்கல் தீர்ந்ததே என்பார்கள் இளைஞர்கள். பெருமளவு தீரும். ஆனால் லியூசினுக்கும் ஐசோலியூசினுக்கும் நிறை ஒன்றுதான். அவற்றைப் பிரிக்க மறுபடி குழாய்தான் வேண்டும். 2012 வாக்கில் இங்கே தினம் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்திலும் யுபிஎஸ் போட்டு எங்கள் பழைய மெஷினை ஓட்டினோம். அது இன்னும் ஓடுகிறது. குழாயையும் சீலையும் மாற்றிக்கொண்டே இருந்தால் போதும்.

லேபுக்கு வருகிறவர்களிடம் சில விஷயங்கள் கேட்டுக்கொள்கிறேன். ஹீமோகுளோபின் ஹெச்பிஎல்சிக்கோ ஹெச்பிஏ1சிக்கோ ரத்தம் கொடுக்கும்போது, கடந்த நாலு மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் ரத்தம் எடுக்கும் பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள். சொந்த ஊர் எது என்று கேட்டால் தப்பாக நினைக்காதீர்கள். சாதி விசாரிக்க அல்ல, பீக்கை அடையாளம் காணத்தான். தலசீமியா ட்ரெய்ட், சிக்கிள் செல் ட்ரெய்ட் எதுவும் நோய் அல்ல. ஆனால் கல்யாணத்துக்கு முன்போ, முடியாவிட்டால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள்ளோ, இருவரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும், மாறாது. ரிப்போர்ட் வாங்கும்போது எண்கள் உள்ள பக்கத்தோடு கிராஃப் உள்ள பக்கத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். கேட்டால் சும்மா கொடுப்பார்கள்.